பின்மூலை போல்ட்

குட்டி போட்ட பூனை மாதிரி இவர் லாரியைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். பானட்டைத் திறப்பார், உள்ளே பார்ப்பார், மூடுவார். டயரை ஒரு உதை உதைப்பார். வீட்டுக்குள் வந்து தண்ணீர் குடிப்பார். குடித்த டம்ளரை வைக்கத் தோன்றாமல் கையிலேயே எடுத்துக்கொண்டு மறுபடி வெளியே போய்விடுவார். வீட்டிலிருந்த டம்ளரெல்லாம் வாசல் படியில் சேர்ந்துவிட்டது. எனக்கு டீ குடிக்க ஒரு டம்ளர் வேண்டுமென்றாலும் வாசலுக்குத்தான் போகவேண்டியிருந்தது.

"கால் வலிக்கலையா உங்களுக்கு? ஒரு இடத்துல உக்காருங்களேன்" என்றேன்.

"வேலை இருக்குடி."

"அப்போ வேலையைப் பாருங்க. அதையும் பாக்கல, உக்காரவும் இல்ல. பாக்கிற எனக்குத் தலை சுத்துது."

"இஞ்சின் ஆறணும்ல?" என்றார்.

அந்த இஞ்சின் ஓடியே நாலு நாள் ஆகியிருந்தது. அதற்கு மேல் ஆறுவதற்கு அதில் என்ன இருக்கிறது? வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டேன். அந்த நாலு நாளும் நான் அப்படி நிறைய விழுங்கியிருந்தேன். இயல்பாகவே எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று ஊர் முழுக்கத் தெரியும். அடக்கி வைப்பது என்பது எனக்குப் பழக்கமில்லாத வேலை.

லாரி எங்கள் சொந்த லாரி. எத்தனை லட்சம் ஓடியிருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. மீட்டர் ஒரு முறை முழுசாகச் சுற்றிப் பூஜ்யத்துக்கு வந்து, மறுபடி கொஞ்ச தூரம் ஓடி, எதற்கு இந்தப் பிழைப்பு என்று நின்றே விட்டது. அதைச் சரிசெய்ய இவருக்கு மனசில்லை. "எனக்கே என் வயசு மறந்துபோச்சு, அதுக்கு எதுக்கு?" என்பார். ஆனால் இஞ்சின் விஷயத்தில் அப்படி விட்டவர் இல்லை. சின்னதாக ஒரு சத்தம் மாறினாலும் வண்டியை ஓரங்கட்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்பார்.

இப்போது கசிவது டேப்பட் கவர். இஞ்சினின் தலைமேல் நீளமாக உட்கார்ந்திருக்கிற மூடி அது. மூடிக்கும் இஞ்சினுக்கும் நடுவில் ஒரு பேக்கிங் இருக்கும். கடையில் கேஸ்கட் என்று கேட்டால் கொடுப்பார்கள். தக்கையும் ரப்பரும் கலந்த ஒரு மெல்லிய பட்டை, அவ்வளவுதான். அது காய்ந்து வெடித்துவிட்டால் ஆயில் வெளியே கசியும். கசிகிற ஆயில் நேராகக் கீழே கொதித்துக்கொண்டிருக்கும் புகைக்குழாய்மேல் சொட்டும். ஓட்டுகிறவரின் மூக்குக்கு நேரே கருகல் நாற்றமும் புகையும் வரும். பார்த்தும் பார்க்காமல் விட்டால் ஒரு நாள் தீயே பிடிக்கும். அதை மாற்றுவது அரை நாள் வேலை. இவர் பலதடவை வீட்டு வாசலிலேயே மாற்றியிருக்கிறார், பாட்டுப் பாடிக்கொண்டே.

இந்தத் தடவை பாட்டு இல்லை. முதல் நாள் பேக்கிங் வாங்கப் போனவர் வேறு இஞ்சினுடைய பேக்கிங்கை வாங்கி வந்தார். மறுநாள் அதை மாற்றப் போனவர் கடை மூடியிருக்கிறது என்று திரும்பி வந்தார். மூன்றாம் நாள் சரியான பேக்கிங் வந்தது, ஸ்பேனரைக் காணோம் என்றார். ஸ்பேனர் சீட்டுக்கு அடியில், எப்போதும் இருக்கிற இடத்தில்தான் இருந்தது. நான்தான் எடுத்துக் கொடுத்தேன். எடுத்துக் கொடுத்தபோது ஏன் கொடுத்தோம் என்று இருந்தது எனக்கு.

ஏனென்றால், இவர் அந்த லாரியில் ஏறக்கூடாது. அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

போன தடவை வண்டி திரும்பி வந்தபோது இடது பக்கம் முழுக்கக் கீறியிருந்தது. டயருக்கு மேலிருந்த மட்கார்டு நசுங்கிப்போயிருந்தது. என்ன ஆச்சு என்று கேட்டேன். "மரக்கிளை தட்டிடுச்சு" என்றார். எனக்கே காது குத்துகிறார். கிளை தட்டினால் மேலே கீறும். டயர் உயரத்தில் கீறுவதற்குக் கிளை என்ன தவழ்ந்தா வரும்? அடுத்த நாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் கண்ணயர்ந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று அவருடைய வலது கால் விறைத்துக்கொண்டு கட்டிலின் கீழ்ச் சட்டத்தை ஓங்கி மிதித்தது. கட்டிலே நகர்ந்தது. பதறி எழுந்து உட்கார்ந்தார். கழுத்தெல்லாம் வேர்வை.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. கொசு."

கொசுவுக்கு யாரும் பிரேக் போடமாட்டார்கள். மனுஷன் ஓட்டும்போது தூங்கியிருக்கிறார்.

நேராகக் கேட்டிருக்கலாமே என்று யாருக்கும் தோன்றும். இவரைத் தெரியாதவர்களுக்குத் தோன்றும். கேட்டால் இல்லை என்பார். ஒரு தடவை இல்லையென்று சொல்லிவிட்டால், சொன்ன வார்த்தையைக் காப்பாற்றுவதற்காகவே அன்றைக்கே வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அதனால் நான் வாயைத் திறக்கவில்லை. அவரை வீட்டோடு நிறுத்தி வைக்க எனக்கிருந்த ஒரே துணை அந்தக் கசிவுதான். வாசலில் ஆயில் சொட்டிச் சொட்டிக் கறை பரவுவதைப் பார்க்கும்போதெல்லாம் தரையை யார் தேய்ப்பது என்று எரிச்சலும் வரும், இன்னும் கொஞ்சம் சொட்டட்டும் என்றும் இருக்கும்.

ஆனால் லோடு பிடித்துக் கொடுக்கிற புரோக்கர் விடுகிற ஆள் இல்லை. கட்டில், அலமாரி என்று மரச்சாமான் பட்டறையில் தயாராக நிற்கிறதாம். அன்று சாயங்காலம் ஏற்றி மலைமேல் கொண்டுபோயே ஆகவேண்டுமாம். காலையிலிருந்து போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவையும் இவர் ஒரே பதிலைத்தான் சொன்னார்.

"பேக்கிங் வேலைதான் நடக்குது. இதோ முடிஞ்சிடும். சாயங்காலம் வண்டி கெளம்பிடும்."

சொல்லிவிட்டுப் போனைச் சட்டைப் பையில் போட்டார். வெளியே எடுத்துப் பார்த்தார். மறுபடி போட்டார். இனி தப்பிக்க வழியில்லை என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. ஸ்பேனரைக் கையில் எடுத்துவிட்டார்.

வேலை ஆரம்பித்தால் எனக்கும் அதில் பங்குண்டு. டேப்பட் கவரின் பின்பாதி கேபின் சுவருக்கு அடியில் நுழைந்து நிற்கும். அங்கே இரண்டு போல்ட் இருக்கின்றன. இவர் கை மண்வெட்டி மாதிரி. அந்த இடுக்கில் மணிக்கட்டு வரைகூடப் போகாது. மெக்கானிக் ஷெட்டில் கேபினைத் தளர்த்திவிட்டுச் செய்வார்கள். எங்கள் வாசலில் அதற்குப் பதில் நான் இருக்கிறேன். வளையலைக் கழற்றி வைத்துவிட்டு, பம்பர்மேல் ஏறி, முழங்கை வரை உள்ளே விட்டால் என் விரல் அந்த இரண்டு போல்ட்டையும் தொடும். கண்ணுக்குத் தெரியாது, விரலால்தான் பார்க்கவேண்டும். கழற்றும்போது முதலில் நான், மாட்டும்போது கடைசியில் நான்.

"நீ ரெண்டையும் லூஸ் பண்ணிடு" என்றார்.

"முதல்ல தூசியைத் துடைங்க. எல்லாம் உள்ள விழும்."

"எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சவரு எதுக்குத் துடைக்காம ஸ்பேனரைத் தூக்கறீங்க?"

இவர் அப்படிப்பட்டவர் இல்லை. டேப்பட் கவரைத் தொடுவதற்கு முன்னால் இஞ்சினை டீசலும் பிரஷ்ஷுமாகத் தேய்த்துக் கழுவி, துணியால் ஒற்றி எடுத்து, அப்புறம்தான் போல்ட்டில் கை வைப்பார். அன்று மறந்துவிட்டார். கழுவும்போது பிரஷ் கையிலிருந்து நழுவி வண்டிக்கு அடியில் விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் பம்பரில் தலையை இடித்துக்கொண்டார். அப்புறம் பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுக்கப்போய் பன்னிரண்டை எடுத்து வந்தார். புரோக்கரே வந்துவிட்டாரோ என்று கேட்டில் பைக் சத்தம் கேட்டால் திரும்பிப் பார்த்தார், கேட்காவிட்டாலும் திரும்பிப் பார்த்தார். அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ஒருவழியாகக் கவர் வெளியே வந்தது. பழைய பேக்கிங் பிஸ்கட் மாதிரி நொறுங்கிக் கிடந்தது. உள்ளே துகள் விழாமல் துணியை அடைத்துவிட்டு, மழுங்கின தகட்டால் ஒட்டிக்கிடந்ததைச் சுரண்ட ஆரம்பித்தார். சுரண்டுகிற நேரம் மட்டும் அவர் அசையாமல் நின்றார். தோள் இறங்கி, மூச்சு சீராகி, எனக்குத் தெரிந்த பழைய மனுஷன் தெரிந்தார். இந்தச் சுரண்டல் வேலை நாளெல்லாம் நீளக்கூடாதா என்று நினைத்தேன். துணியில் தின்னரைத் தொட்டுத் துடைத்து, விரலை வைத்துத் தடவிப் பார்த்து, மறுபடி துடைத்தார். இஞ்சினின் விளிம்பு புதுப் பாத்திரம் மாதிரி ஆகிவிட்டது.

வீட்டுக்குள் விட்டுவந்த என் போன் அடித்தது. அதுவும் புரோக்கர்தான். இவர் எடுக்கவில்லை என்று எனக்குப் போட்டிருக்கிறார்.

"என்னம்மா, வேலை முடிஞ்சுதா? உங்க வீட்டுக்காரர் இப்படி என் கழுத்தை அறுக்கறாரே!"

"நடந்துட்டிருக்கு. நீங்க விடாம போன் பண்ணா வேலை சீக்கிரம் முடியுமா?" என்று வெடுக்கென்று வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

அதற்குள் கவர் உட்கார்ந்துவிட்டது. முன்பக்கத்து போல்ட்டெல்லாம் கையால் முடுக்கியாகிவிட்டது. இவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "உன் ரெண்டையும் போட்டுடு."

பம்பர்மேல் ஏறிக் கையை உள்ளே விட்டேன். வலது பக்கத்து போல்ட் சுலபமாக இறங்கியது. இடது பக்கம் நான்கு சுற்றுக்கு முன்பே இறுகியது. இவ்வளவு சீக்கிரம் இறுகக்கூடாது. விரலைக் கவரின் விளிம்போடு நகர்த்தினேன். எப்போதும் அந்த இடத்தில் பேக்கிங்கின் ஓரம் நூல் பிடித்த மாதிரி சமமாக இருக்கும். இப்போது மூலையில் ஒரு தடிப்பு. நகத்தால் நெம்பிப் பார்த்தேன். பேக்கிங் இரண்டாக மடிந்து உள்ளே போயிருந்தது. மடிப்பை ஒட்டி என் நகம் நுழைகிற அளவுக்கு இடைவெளி இருந்தது.

சிறிது நேரம் கையை உள்ளேயே வைத்துக்கொண்டு நின்றேன். இது நிச்சயம் கசியும். கசிந்தால் பட்டறைக்குப் போகிற வழியிலேயே புகை வரும். திரும்பி வருவார். மறுபடி பேக்கிங் வாங்கப் போவார். கடை மூடியிருக்கும். ஒரு வாரம் ஓடிவிடும். நான் ஒரு வார்த்தை சொல்லவேண்டியதில்லை. சொல்லாமல் இருந்தாலே போதும்.

"ஆச்சா?" என்றார் கீழேயிருந்து.

"ம்" என்றேன்.

கையை எடுத்துக்கொண்டு இறங்கி, குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். ஆயில் போனபிறகும் தேய்த்துக்கொண்டிருந்தேன். வழியிலேயே புகை வரும் என்று எனக்கு யார் சொன்னது? காலி வண்டி, சமதரை, வராமலும் இருக்கலாம். லோடு ஏற்றி, மலைப்பாதையில் இஞ்சின் சூடேறினபிறகு சொட்ட ஆரம்பிக்கலாம். தூக்கத்தில் கண் சொருகுகிற மனுஷனுக்கு முன்னால் தீப்பிடித்தால் என்ன ஆகும்? தூக்கத்திலிருந்து காப்பாற்றுகிறேன் என்று நெருப்பில் தள்ளப் பார்த்தேனே, நான் என்ன ஜென்மம்! எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஈரக்கையோடு ஓடினேன்.

"என்னங்க, கவரைக் கழட்டுங்க."

"எதுக்கு?"

"பின்மூலையில பேக்கிங் மடிஞ்சிருக்கு."

"நல்லாத்தான் உக்காந்திருக்கு."

"விரல் வெச்சுப் பாத்தேன். நகம் உள்ள போகுது."

"அதெல்லாம் இறுக்கினா சரியாயிடும்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இறுக்கினால் சரியாகிவிடும் என்று சொல்கிற மெக்கானிக்குகளைச் செருப்பால் அடிக்கவேண்டும் என்று பேசுகிறவர் இவர். இறுக்க இறுக்கப் பேக்கிங் பிதுங்கி வெளியே வந்துவிடும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் இவர்தான். அப்போதுதான் எனக்கு நூல் ஞாபகம் வந்தது. பேக்கிங்கை இவர் சும்மா வைக்கமாட்டார். பின்பக்கம் கண்ணுக்குத் தெரியாத இடம் என்பதால், அங்கே போல்ட் ஓட்டை வழியாகத் தையல் நூலைவிட்டு, பேக்கிங்கைக் கவரோடு சேர்த்துக் கட்டி, பிறகுதான் உள்ளே தள்ளுவார். கவர் உட்கார்ந்ததும் நூலை உருவிவிடுவோம். நகராது, மடியாது. ஒவ்வொரு தடவையும் "அந்த நூல் கண்டைக் கொண்டா" என்று கத்துவார். இன்றைக்குக் கத்தவில்லை.

"நூல் கேக்கலையே நீங்க?" என்றேன்.

இவர் கையிலிருந்த துணியால் கையைத் துடைத்தார். துடைத்த கையை மறுபடி துடைத்தார்.

"மறந்துட்டீங்களா?"

துணியை மடித்துப் பம்பர்மேல் வைத்தார்.

"வேணும்னே மடிச்சு வெச்சீங்களா?"

"நீ சொல்லாம இருந்திருக்கலாம்ல?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கெஞ்சுகிற மாதிரி சொன்னார். "உன் விரலுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சொல்லமாட்டேன்னு நெனச்சேன்."

எத்தனையோ வருஷத்தில் நான் இவர் வாயிலிருந்து அப்படி ஒரு குரலைக் கேட்டதில்லை. இவர் லாரியின் படியில் உட்கார்ந்தார். காலையிலிருந்து அப்போதுதான் உட்கார்ந்தார்.

"கண்ணு மூடினதே தெரியல" என்றார். "நல்ல வெயில். ரோடு காலியா இருந்துச்சு. அடுத்த ஊர்ல டீ குடிக்கலாம்னு நெனச்சது ஞாபகம் இருக்கு. அதுக்கப்புறம் கரகரன்னு ஒரு சத்தம். பாலத்துச் சுவர். வண்டி அதுல உரசிக்கிட்டே போகுது. அந்தச் சுவர்தான் என்னை எழுப்பிச்சு. வலது பக்கம் போயிருந்தா எழுப்பறதுக்குச் சுவர் இல்ல. எதிர்ல சைக்கிள்ல ரெண்டு பேர் வந்தாங்க. முகம்கூடத் தெரிஞ்சுது."

"ஏன் சொல்லல?"

"என்னன்னு சொல்றது? ஓட்டத் தெரியலன்னா?" முகத்தைத் துடைத்தார், கன்னமெல்லாம் ஆயில் ஆனது. "அன்னையிலிருந்து ராத்திரி படுத்தாத் தூக்கம் வரல. வராத தூக்கமெல்லாம் ஸ்டியரிங்கைப் பிடிச்சா வந்துடுமோன்னு பயமா இருக்கு. எனக்குப் பயமா இருக்குடி."

எனக்கு அழுகை வரவேண்டிய நேரம். வந்தது கோபம். நாலு நாளாக விழுங்கிவைத்ததெல்லாம் மொத்தமாக வந்தது.

"பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லணும்! ஒரு தக்கைப் பட்டைக்குப் பின்னாடி போய் ஒளிஞ்சுக்குவாங்களா? இவ்வளவு பெரிய உடம்பை வெச்சுக்கிட்டு அதுல எப்படிங்க ஒளிஞ்சீங்க? கிளை தட்டுச்சாம், கொசு கடிச்சுதாம்! அந்த மடிப்போட வண்டி போய், மலையில தீப்பிடிச்சிருந்தா நான் எந்தச் சுவர்ல போய் முட்டிக்கறது?"

கையில் அகப்பட்ட ஸ்பேனரைப் பெட்டிக்குள் விட்டெறிந்தேன். அது எகிறிப் போய் வாசல் படியில் இருந்த டம்ளர்களின்மேல் விழுந்து எல்லாம் உருண்டன. எதிர்வீட்டு ஜன்னல் திறந்து மூடியது. அப்புறம் எனக்கே மூச்சு வாங்கியது. பொய்யை வைத்துக்கொண்டு கத்துவது எனக்குப் பிடிக்காது, அதனால் அதையும் சொல்லிவிட்டேன்.

"நானும் சொல்லவேணாம்னுதான் கை கழுவப் போனேன்."

இவர் நிமிர்ந்து பார்த்தார். "நெசமாவா?"

"ஆமா."

"பின்ன என்ன? அப்படியே விட்டுடலாமே" என்றார், ஏதோ வழி பிறந்த மாதிரி. "கசியட்டும். வண்டி சரியில்லன்னு ஒரு வாரம் நிப்பாட்டிடலாம்."

"ஒரு வாரம் கழிச்சு?"

தரையிலிருந்த ஆயில் கறையைக் காலால் தேய்த்தார்.

"அடுத்த வாரம் எதை மடிச்சு வைப்பீங்க? வண்டிக்கு ஒண்ணும் இல்லைங்க. வண்டி ஓடட்டும். நீங்கதான் ஓட்டணும்னு யாரு சொன்னா?"

அந்த வார்த்தை அவரை எங்கேயோ குத்திவிட்டது. படக்கென்று எழுந்தார். கேட் வரை போனார். கேட்டைத் திறந்தார், தெருவைப் பார்த்தார், மூடினார். லாரியைச் சுற்றி மறுபடி ஒரு நடை. கீறல் விழுந்த பக்கம் வந்ததும் நின்று, அந்தக் கீறலை விரலால் தொட்டுக்கொண்டே முன்பக்கம் வரை வந்தார். இந்த லாரியை வேறொருவர் ஓட்டி இவர் பார்த்ததில்லை. கல்யாணத்துக்குப் போனாலும் சாவி இவர் இடுப்பில் இருக்கும். நான் கூப்பிடவில்லை. இதை அவர்தான் நடந்து முடிக்கவேண்டும்.

நாலாவது சுற்றோ ஐந்தாவது சுற்றோ, நின்று சொன்னார்: "அந்த நூல் கண்டைக் கொண்டா."

மறுபடி எல்லாவற்றையும் கழற்றினோம். நல்லவேளை, புதுப் பேக்கிங் மடிந்திருந்ததே தவிர கிழியவில்லை. வெந்நீரில் போட்டு எடுத்து, தட்டையான பலகைக்கு அடியில் வைத்து அதை நிமிர்த்தினார். பின்பக்கத்து ஓட்டைகளில் நூலைவிட்டு, பல்லால் கடித்து, இழுத்தால் அவிழ்கிற முடிச்சாகப் போட்டார். மூலைகளில் மட்டும் பொட்டு வைக்கிற அளவுக்கு சிலிகான் பேஸ்ட். பிறகு இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, குழந்தையைத் தொட்டிலில் விடுகிற மாதிரி கவரை இறக்கினோம். நான் உள்ளே கைவிட்டு விளிம்பைத் தடவினேன். சமமாக இருந்தது.

"உருவலாமா?" என்றேன்.

"உருவு."

நூல் வழுக்கிக்கொண்டு வந்தது. நடுவிலிருந்து தொடங்கி மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். என் இரண்டையும் நான் இறுக்கினேன். போதும் என்று அவர் சொல்வதற்கு முன்பே நிறுத்தினேன். இன்னும் அரைச்சுற்று இறுக்கத்தான் கை பரபரத்தது. மனசு நிலையில்லாத அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் இறுக்கத் தோன்றுகிறது.

பேஸ்ட் காய்கிறவரை காத்திருந்தோம். அதுதான் பெரிய பாடு. இவர் போனைப் பார்ப்பதும் பானட்டைப் பார்ப்பதுமாக இருந்தார். நான் உருண்ட டம்ளரையெல்லாம் பொறுக்கிக் கழுவி, கழுவினதையே மறுபடி கழுவினேன். பிறகு அவர் ஏறி ஸ்டார்ட் செய்தார். முதலில் குப்பென்று புகை வந்தது, நான் பின்னால் நகர்ந்தேன். "பழைய ஆயில் எரியுது, பயப்படாத" என்று கேபினிலிருந்து கத்தினார். புகை மெலிந்தது, நின்றது. டார்ச்சை அடித்துப் பார்த்தேன். பின்மூலையில் விரலை வைத்தேன். சூடு இருந்தது, ஈரம் இல்லை.

"காஞ்சிருக்கு" என்றேன்.

இஞ்சினை நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு இறங்கி, என் எதிரிலேயே புரோக்கரைக் கூப்பிட்டார்.

"வண்டி ரெடி. ஓட்ட ஒரு ஆள் அனுப்புங்க."

"ஏன்யா, உனக்கு என்ன ஆச்சு?" புரோக்கரின் குரல் போனுக்கு வெளியேயே கேட்டது.

"ஓட்டும்போது தூங்கிட்டேன்."

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. "எவன்யா தூங்கல? இதெல்லாம் ஒரு விஷயமா? முகத்தைக் கழுவிட்டுக் கெளம்புய்யா."

"நான் இப்போ ஓட்டமாட்டேன்" என்றார். "டாக்டரைப் பாக்கணும். நல்லாத் தூங்கணும். அப்புறம்தான். ஆள் அனுப்புங்க." பூசி மெழுகாமல் சொன்னார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளவேண்டும்போல இருந்தது. இரண்டு பேர் மேலும் ஆயில்.

வெயில் சாய்கிற நேரத்தில் ஆள் வந்தார். ஆறடிக்கு மேல் வளர்ந்தவர், எல்லோரும் நெட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். பல வருஷமாக லாரி ஓட்டுகிறவர், நல்ல கைக்காரர் என்று இவரே சொல்லியிருக்கிறார். தோளில் பையோடு கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"குடுங்கண்ணே சாவியை. அங்க புரோக்கர் குதிச்சிட்டிருக்காரு."

இவர் சாவியை எடுத்தார். கிளட்ச் கொஞ்சம் மேலே பிடிக்கும், மூன்றாவது கியர் அடம்பிடிக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நெட்டை தலையாட்டிக்கொண்டே கேட்டார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தது. இமை கனத்துத் தொங்கியது. வழக்கமாக டிரைவர் யார் வந்தாலும் சாப்பிட்டாயா என்றுதான் கேட்பேன். இவரிடமும் இத்தனை வருஷம் அதைத்தான் கேட்டேன்.

"தம்பி, தூங்கினீங்களா?" என்றேன்.

நெட்டைக்குக் கேள்வியே புரியவில்லை. "என்ன அண்ணி?"

"கடைசியா எப்போ தூங்கினீங்க?"

"முந்தாநாளு" என்று சிரித்தார். "இப்பத்தான் இன்னொரு வண்டியை விட்டுட்டு நேரா வரேன். அதனால என்ன? போற வழியில தூங்கிக்கிட்டே போயிடறேன்."

டிரைவர்கள் எல்லோரும் சொல்கிற நகைச்சுவைதான். இவரும் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். நானும் சிரித்திருக்கிறேன். அன்றைக்கு இரண்டு பேரும் சிரிக்கவில்லை. சாவியைக் கொடுக்க நீட்டிய இவர் கை பாதியில் நின்றது.

"உள்ள வா" என்றார் இவர்.

"எதுக்குண்ணே?"

"வந்து படு."

"என்னண்ணே விளையாடறீங்களா? லோடு காத்திட்டிருக்கு."

"காத்திருக்கட்டும். கட்டிலும் அலமாரியும்தானே, அழுகிடவா போகுது? நீ தூங்கி எழுந்தாத்தான் சாவி." சாவியை என் கையில் வைத்து என் விரலை மூடினார். "இவ கிட்ட இருந்து உன்னால வாங்க முடியாது. நான் முயற்சி பண்ணிப் பாத்திருக்கேன்."

நெட்டை இவரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். சண்டை போடுவதற்குக்கூட அவர் உடம்பில் தெம்பு இல்லை. "பத்து நிமிஷம்தான்" என்று முனகிக்கொண்டே உள்ளே வந்து எங்கள் கட்டிலில் விழுந்தார். கால் கட்டிலைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தது. என்னை எழுப்பிவிடுங்கள் என்று சொல்ல ஆரம்பித்தவர் முடிக்கவில்லை, குறட்டை வந்துவிட்டது.

இவர் விளக்கை அணைத்து, கதவை ஒருக்களித்துச் சாத்தினார். எதிர்வீட்டில் எதையோ டமாரென்று போட்டதற்கு என்னை முறைத்தார். வாசல் படியில் போய் உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். எதிரில் லாரி கழுவித் துடைத்து, ஒரு சொட்டு ஒழுகாமல், ஓட்டுவதற்கு ஆளில்லாமல் நின்றது.

போன் அடித்தது. முதல் மணியிலேயே அமுக்கிவிட்டு, சத்தம் உள்ளே போகாமல் இருக்க கேட்டருகே போய்ப் பேசினார். ஆனாலும் புரோக்கர் கத்தியது எனக்கே கேட்டது.

"இன்னும் வண்டி வரலையேய்யா! இப்போ என்ன கோளாறு?"

"ஒரு கோளாறும் இல்ல" என்றார் இவர், தாழ்ந்த குரலில். "வண்டி ரெடியா இருக்கு. டிரைவர் தூங்கறான்."

"தூங்கறானா? எழுப்புய்யா அவனை!"

"எழுப்பமாட்டேன். என்னைச் சுவர் எழுப்பிச்சு, இவனாவது தானா எழுந்திருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனை அணைத்தார்.